பூஜ்யம் காட்டிய பக்கம்

“மூணாவது வீடு, மேடம். மூணாவது வீட்டு வாசல்லயும் வந்து நின்னுட்டான்!”

தையல்காரி அழவில்லை. அழுகையெல்லாம் முதல் வீட்டோடு தீர்ந்துபோயிருந்தது. இப்போது அவள் முகத்தில் இருந்தது சுத்தமான ஆத்திரம். மடியில் உட்கார்ந்திருந்த ஆறு வயது மகள், அம்மாவின் கையைத் தன் இரண்டு கைகளாலும் அமுக்கிப் பிடித்திருந்தாள்.

மேஜைக்கு இந்தப் பக்கம் இருந்தவளை எல்லோரும் வக்கீலம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆனால் அவள் கோர்ட்டுப் பக்கம் போய் வருஷக்கணக்காகிறது. வாதத்தின் நடுவில் கொட்டாவி விட்ட நீதிபதியிடம், “தூக்கம் வந்தா வீட்டுக்குப் போய்த் தூங்குங்க” என்று சொல்லிவிட்டு, அன்றைக்கே கறுப்புக் கோட்டைக் கழற்றியவள். அதன் பிறகுதான் இந்த இரண்டாம் மாடி அறையில் துப்பறியும் ஆபீஸ் போட்டாள். கோட்டைக் கழற்றினாளே தவிர, கோபத்தைக் கழற்றவில்லை.

“வந்து என்ன செஞ்சான்?”

“ஒண்ணும் செய்யல. கதவைக்கூடத் தட்டல. எதிர்ல பைக்கை நிறுத்திட்டு ஜன்னலைப் பார்த்துச் சிரிச்சான். போகும்போது இவளோட பழைய செருப்பு ஒத்தையை வாசப்படியில வச்சுட்டுப் போனான்.”

அந்தப் புருஷன் இவர்கள் இருவர் பக்கமும் நெருங்கக் கூடாது என்று கோர்ட் உத்தரவு இருக்கிறது. குடியிருந்த வீடுகூட இவளுக்கே என்றுதான் அதில் எழுதியிருக்கிறது. எழுதி என்ன பிரயோஜனம்? கதவை உடைத்துக்கொண்டு வருகிறவனைக் காகிதமா தடுக்கும்? இவள்தான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி வர வேண்டியிருந்தது.

“பெண்கள் காப்பகத்துல என்ன சொன்னாங்க?” என்று கேட்டான் ஊசி. வக்கீலம்மாவின் உதவியாளன். உடம்பும் ஊசி, வாயும் ஊசி, அதனால் அந்தப் பெயர்.

“அந்தம்மாவே லைன்ல இருக்காங்க. நீயே கேளு” என்று வக்கீலம்மா போனை மேஜையில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டாள்.

காப்பகத்து நிர்வாகியின் குரல் கறாராக வந்தது. “கட்டில் ஒண்ணு காலியாத்தான் இருக்கு வக்கீலம்மா. ஆனா அவன் எப்படிக் கண்டுபிடிக்கிறான்னு தெரியாம நான் கதவைத் திறக்க மாட்டேன். உள்ள இருக்கற ஒவ்வொருத்திக்கும் வெளியே ஒரு புருஷன் தேடிக்கிட்டு இருக்கான். இவளுக்குப் பின்னாடியே இவன் வந்து நின்னா, அத்தனை பேரும் ஓடணும். சாயங்காலத்துக்குள்ள சொல்லுங்க. இல்லாட்டி கட்டிலை வேற ஆளுக்குக் குடுத்துருவேன். தப்பா நினைக்காதீங்க.”

தப்பாக நினைக்க என்ன இருக்கிறது? அந்தம்மா சொன்னது நியாயம். நியாயமாக இருந்ததால்தான் வக்கீலம்மாவுக்கு இன்னும் அதிகமாகக் கோபம் வந்தது.

“இன்னைக்கு ராத்திரி எங்க படுப்பீங்க?”

“அதான் தெரியல. அந்த ரூமுக்கு நான் திரும்பப் போக மாட்டேன்.”

ஊசி குனிந்து குழந்தையைப் பார்த்தான். ஒரு காலில், முழங்காலுக்குக் கீழே, இரண்டு பக்கமும் கம்பி வைத்த பட்டை. தோல் உரசாமல் இருக்க உள்ளே மஞ்சள் துணி. ஓரமெல்லாம் சிவப்பு நூலில் நெருக்கமான காஜா தையல். “அடேங்கப்பா, இவ்வளவு அழகா யார் தைச்சது?”

“எங்க அம்மா” என்றாள் குட்டி. “காலையில வீடியோ பார்த்துட்டே எக்ஸர்சைஸ் பண்ணுவேன். வீடியோல அக்கா எண்ணுவாங்க. நானும் எண்ணுவேன்.”

“உன்னை விட எங்க மேடம் நல்லா எண்ணுவாங்க. கோபம் வந்தா பத்து வரைக்கும் எண்ணச் சொல்லிருக்கார் டாக்டர். இன்னும் ரெண்டைத் தாண்டல.”

“ஊசி, வாயை மூடிட்டு அந்த போனை எடு.”

போன் புதுசு. நம்பர் புதுசு. மூன்றாவது வீட்டின் விலாசம் தையல்காரியின் அம்மாவுக்குக்கூடத் தெரியாது. போன் கடையில் பிரித்துப் பார்த்து, ஒற்று வேலை செய்கிற எதுவும் உள்ளே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். போதாக்குறைக்கு அவள் தம்பி, பாதுகாப்பான பிரவுசர் என்று ஒன்றைத் தேடிப் பிடித்துப் போட்டுக் கொடுத்திருந்தான்.

“அவன் என்ன வேலை பார்க்கறான்?” என்றாள் வக்கீலம்மா.

“கடைகளுக்கு விளம்பரம் போட்டுக் குடுப்பான், கம்ப்யூட்டர்ல. அதான் தம்பிக்கு பயம். அவன் வேலையே அடுத்தவன் என்ன பார்க்கறான்னு நோட்டம் விடறதுதான்னு சொன்னான்.”

ஊசி போனைத் திருப்பிக் காட்டினான். “தம்பி விவரமான ஆள் மேடம். நாம ஒரு பக்கத்தைத் திறந்தா, அதுக்குள்ள நாலு பேர் ஒளிஞ்சு உட்கார்ந்திருப்பான். யார் வந்தது, எங்கேருந்து வந்தது, எதைப் பார்த்துச்சுன்னு எவனுக்கோ கோள் மூட்டுவான். டிராக்கர்னு பேரு. இந்த பிரவுசர் அவனைக் காலரைப் பிடிச்சு வெளியே தள்ளிடும். எத்தனை பேரைத் தள்ளுச்சுன்னு மேல இந்தக் கேடயத்துல நம்பரும் காட்டும்.”

“இவங்க திறந்த பக்கமெல்லாம் ஒண்ணொண்ணா திற.”

திறந்தான். பஸ் நேரம் பார்க்கும் பக்கத்தில் பதினொன்று. செய்திப் பக்கத்தில் இருபத்தாறு. ஊசி விசிலடித்தான். துணிக்கடைப் பக்கத்தில் நம்பர் நிற்காமல் ஏறிக்கொண்டே போனது. “இதுல துணி விக்கறவனை விட ஒட்டுக் கேக்கறவன்தான் ஜாஸ்தி.”

கடைசியில் குழந்தையின் பயிற்சி வீடியோ இருக்கும் பக்கம். காலில் பட்டை போட்ட குழந்தைகளின் பெற்றோர் சேர்ந்து நடத்துவது. விளம்பரம் கிடையாது, ஆடம்பரம் கிடையாது. கேடயத்தில் பூஜ்யம்.

“அப்பாடா, இது ஒண்ணாவது யோக்கியமான பக்கம்” என்று ஊசி அடுத்ததற்குப் போகப் பார்த்தான்.

“நில்லு. ஒரு கட்டடத்துல வாட்ச்மேன், ‘இன்னைக்கு நான் யாரையும் தடுக்கல’ன்னு சொல்றான். என்ன அர்த்தம்?”

“திருட்டுப் பய யாரும் வரலன்னு அர்த்தம்.”

“இல்லாட்டி?”

“இல்லாட்டி… வந்தவனுக்கு சலாம் போட்டு உள்ளே அனுப்பிட்டான்னு அர்த்தம்.”

“தட்டிப் பாரு.”

கேடயத்தை அழுத்தினான். கீழே பொடி எழுத்தில் ஒரு வரி விரிந்தது. இந்தப் பக்கத்தில் ஒரு டிராக்கர் இருக்கிறது. பட்டியலின்படி அதற்கு அனுமதி உண்டு.

“பட்டியல்னா?”

“இந்த பிரவுசருக்கு யாரைத் தடுக்கணும், யாரை விடணும்னு சொல்றது ஒரு பட்டியல் மேடம். கம்பெனி எழுதறது இல்ல. பொதுஜனம் எழுதறது. நம்ம மொழிப் பக்கங்களுக்குன்னு தனியா ஒண்ணு இருக்கு. அதைப் பார்த்துக்கறவர் பேரு, விலாசம் எல்லாம் இதுலயே போட்டிருக்கு.” ஊசி கண்ணைச் சுருக்கிப் படித்தான். “அட, இந்த ஊர்தான்! பல் டாக்டராம்.”

“பல் டாக்டரா?”

“சொத்தையைப் பிடுங்கறதுதானே அவருக்குத் தொழில்.”

வக்கீலம்மா செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். “பிடுங்கினாரா, வளர்த்தாரான்னு போய்க் கேப்போம். நீங்க இங்கேயே இருங்க. கதவை உள்ளே பூட்டிக்கங்க. அந்தப் பக்கத்தை மட்டும் மூடிடுங்க, நான் சொல்ற வரைக்கும் திறக்கக் கூடாது.”

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த கிளினிக்கில் கன்னத்தைப் பிடித்தபடி இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். வக்கீலம்மா வரிசையைப் பார்க்கவில்லை. ஊசிதான் அவர்களைப் பார்த்துக் கும்பிட்டான். “மன்னிக்கணும், மேடத்துக்குப் பல் வலி இல்ல. பல்லைக் கடிக்கிற வியாதி.”

டாக்டர் நாற்காலியில் படுத்திருந்த ஒருவரின் வாய்க்குள் குனிந்திருந்தார். வெள்ளைத் தாடி, மூக்கு நுனியில் கண்ணாடி.

“ஒரு பொம்பளையைக் கொல்லப் பார்க்கறவனுக்கு நீங்க கதவைத் திறந்து விட்டிருக்கீங்க, தெரியுமா?” என்றாள் வக்கீலம்மா.

டாக்டர் கையிலிருந்த மெஷின் நின்றது. படுத்திருந்தவர் திறந்த வாயோடு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் டாக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. பக்கத்து அறைக்கு அவர்களைக் கூட்டிக்கொண்டு போனார். பல் அச்சுகளுக்கு நடுவே ஒரு கம்ப்யூட்டர். “நல்லா இருக்கே! ஒன்பது வருஷமா பத்து பைசா வாங்காம இந்தக் கோள்மூட்டிப் பயல்களோட மல்லுக்கட்டறேன். என்னைப் பார்த்தா அவனுக்குக் கூட்டாளி மாதிரி தெரியுதா?”

“அப்ப அனுமதி எப்படி வந்தது?”

“எங்க வழக்கத்தைச் சொல்றேன், கேளுங்க. ஜனங்கதான் எழுதி அனுப்புவாங்க. ‘இந்தப் பக்கத்துல இவன் ஒளிஞ்சிருக்கான்’னு ஒருத்தர் சொல்வார். இன்னொருத்தர் சோதிச்சுப் பார்ப்பார். நான் பட்டியல்ல ஏத்துவேன். சில சமயம், தடுக்கப் போயி பக்கமே உடைஞ்சுரும். படம் வராது, பட்டன் வேலை செய்யாது. அப்ப உலகமே சேர்ந்து என்னைத்தான் திட்டும். அதனால ‘உடைஞ்சிருச்சு’ன்னு யாராவது எழுதினா, தடுப்பை எடுத்துப் பார்ப்போம். எடுத்ததும் சரியாச்சுன்னா, திறந்து விட்டுருவோம்.”

“எவன் எழுதினான்? அதைச் சொல்லுங்க” என்றான் ஊசி. “அவனாத்தான் மேடம் இருக்கும். புருஷன்காரனே ‘உடைஞ்சிருச்சு’ன்னு புளுகியிருப்பான்.”

“புளுகு இல்ல. நானே சோதிச்சேன். தடுத்தா வீடியோ ஓடல, விட்டா ஓடுது. தினமும் இந்த மாதிரி எத்தனையோ வரும். ஆனா இது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.” டாக்டர் தேடி எடுத்துத் திரையில் காட்டினார். “ஒரு பேஷண்ட்டுக்கும் அடுத்த பேஷண்ட்டுக்கும் நடுவுல பார்த்தேன். படத்தைப் பார்த்ததும் மனசு கேக்கல. அடுத்த ஆளைக் கூப்பிடறதுக்கு முன்னாடியே திறந்து விட்டுட்டேன்.”

பெயர் எதுவும் இல்லை. இரண்டு வரி மட்டும். ‘என் பொண்ணு கால் பயிற்சி வீடியோ ஓட மாட்டேங்குது. வீடியோ இல்லாம செஞ்சா வலி தாங்காம அழறா. தயவுசெஞ்சு சரி பண்ணிக் குடுங்க.’ கீழே ஒரு படம். ஓடாத வீடியோவுக்கு முன்னால் நீட்டிய ஒரு சின்னக் கால்.

வக்கீலம்மா திரைக்குப் பக்கத்தில் போனாள். காலில் பட்டை. பட்டைக்குள் மஞ்சள் துணி. ஓரத்தில் சிவப்பு நூல்.

ஊசியும் பார்த்துவிட்டான். அவன் முகத்தில் இருந்த குறும்பு இறங்கிப்போனது. “மேடம்… இது அந்தத் தையல். இதை எழுதினது இவங்களேதான்.” மெதுவாக, “அப்ப, அவன் வரணும்னு இவங்களே…” என்று இழுத்தான்.

“அந்தப் பேச்சை முடிச்சேன்னு வை, இந்த டாக்டர்கிட்டயே உன் பல்லெல்லாம் பிடுங்கச் சொல்வேன்!” வக்கீலம்மாவின் குரலில் வெளியே இருந்த நோயாளிகள்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். “பிள்ளை அழுதிருக்கு. தாய் உதவி கேட்டிருக்கா. அதுல எங்கடா தப்பு? டாக்டர், நான் ஒண்ணு கேக்கறேன். ஒரு வீடியோ ஓடறதுக்கும், யார் எங்கேருந்து பார்க்கறான்னு எண்ணறதுக்கும் என்ன சம்பந்தம்? அவனைத் தடுத்தா வீடியோ ஏன் நிக்கணும்?”

டாக்டர் உட்கார்ந்து அந்தப் பக்கத்தின் உள்பக்கத்தைத் திறந்தார். எழுத்தும் எண்ணுமாக ஏதேதோ ஓடியது. ஓரிடத்தில் விரலை வைத்தார். விரல் அப்படியே நின்றது.

“அயோக்கியன்” என்றார்.

“சொல்லுங்க.”

“வீடியோ நல்லாத்தான் இருக்கு. பூட்டு போட்டு வச்சிருக்கான். ‘டிராக்கர் உள்ள இருக்கானா? இருந்தா ஓடு. இல்லாட்டி ஓடாதே.’ அவ்வளவுதான். அந்த டிராக்கர் முதல் தடவை ஒரு கேள்வி கேக்கும், ‘பக்கத்துல இருக்கற பயிற்சி நிலையத்தைக் காட்டவா, நீங்க இருக்கற இடத்தைச் சொல்லுங்க’ன்னு. எந்தத் தாய் வேண்டாம்பா? ஒரு தடவை சரின்னு அமுக்கினா போதும். அதுக்கப்புறம் எப்ப வீடியோ பார்த்தாலும் நிக்கற இடம் அச்சு பிசகாம போயிரும். இந்தப் பக்கத்துக்கு வர்றவங்களே கொஞ்சம் பேர். ஒரு ஊருக்கு ஒருத்தரோ ரெண்டு பேரோதான் இருப்பாங்க. தேடறவனுக்குக் கஷ்டமே இல்ல.” அவர் கண்ணாடியைக் கழற்றினார். “தடுத்தா உடையற மாதிரியே செஞ்சிருக்கான். உடைஞ்சா ஜனங்க எழுதும், எழுதினா நான் திறப்பேன்னு தெரிஞ்சே செஞ்சிருக்கான். என் இரக்கத்தைச் சாவியா வச்சிருக்கான்மா.”

“உங்க இரக்கத்தை மட்டும் இல்ல” என்றாள் வக்கீலம்மா.

பக்கத்தை ஆரம்பித்தவர் வேறு ஊரில் இருந்தார். அவர் மகனுக்கும் காலில் பட்டை. கிளினிக் மாடிப்படியில் நின்றபடி வக்கீலம்மா போன் போட்டாள்.

“வீடியோவா? அதெல்லாம் இப்ப ஒரு நல்ல மனுஷன் பார்த்துக்கறார்ங்க” என்றார் அவர் சந்தோஷமாக. “போன மாசம் அவராவே வந்தார். அவருக்கும் இதே மாதிரி ஒரு பொண்ணாம். பொண்டாட்டிக்காரி குழந்தையைத் தூக்கிட்டு ஓடிட்டாளாம், பாவம். ‘என் பொண்ணுக்குச் செய்ய முடியல, மத்த பிள்ளைங்களுக்காவது செய்யறேன்’னு சொல்லி, காசு வாங்காம பக்கத்தையே புதுசா மாத்திக் குடுத்தார். சொல்லும்போதே கண் கலங்கிட்டார்ங்க. தங்கமான மனுஷன்.”

வக்கீலம்மா கண்ணை மூடிக்கொண்டாள். ஊசி அவள் உதடுகளைக் கவனித்தான். ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருந்தாள். அப்புறம் அந்தத் தங்கமான மனுஷன் யார், என்ன செய்திருக்கிறான் என்று தங்கம் முதல் தகரம் வரை உரித்துச் சொன்னாள்.

“என் பையனும் தினமும் அதைத்தான் பார்க்கறான்” என்றார் பக்கத்தை ஆரம்பித்தவர்.

அவர்கள் திரும்பி வந்தபோது டாக்டர் தடுப்பைப் போடுவதற்கு விரலைத் தூக்கி வைத்திருந்தார். “கொஞ்சம் பொறுங்க” என்றாள் வக்கீலம்மா. “அவன் வரணும். நேர்ல வந்து மாட்டணும். இல்லாட்டி நாளைக்கு வேற பூட்டு போடுவான்.”

“பொறுக்க முடியாது! நீங்க பொறி வைக்கற வரைக்கும் மத்த பிள்ளைங்க வீடெல்லாம் அவன் கண்ணுல படணுமா? முடியவே முடியாது!”

அவர் கத்தியதில் நியாயம் இருந்தது. வக்கீலம்மா நியாயத்துக்கு மட்டும்தான் பணிவாள். “சரி. எல்லாருக்கும் இப்பவே தடுத்துருங்க. இவங்க போன் ஒண்ணுல மட்டும் புதுப் பட்டியல் போய்ச் சேராம நிறுத்த முடியுமா?”

டாக்டர் தாடியைத் தடவினார். “முடியும். நானே வந்து நிறுத்தறேன்.” பாதி அடைத்த பல்லோடு படுத்திருந்தவரை நாளைக்கு வரச் சொல்லிவிட்டு, டாக்டர் வெள்ளைக் கோட்டோடே ஆட்டோவில் ஏறினார்.

சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. வக்கீலம்மா சுற்றி வளைக்கவில்லை. தையல்காரியின் எதிரே உட்கார்ந்து, நடந்ததை நடந்தபடி சொன்னாள்.

“நானா?” என்றாள் தையல்காரி. “நானா அவனுக்குக் கதவைத் திறந்து விட்டேன்?”

“நீங்க இல்ல…”

“நான்தான் மேடம்! முதல் வீட்டுக்கு வந்ததும் ரெண்டு நாளா வீடியோ ஓடல. இவ வலின்னு கத்தறா. அந்தக் கேடயத்துக்குக் கீழே, ‘பக்கம் உடைந்திருந்தால் எங்களுக்கு எழுதுங்கள்’னு இருந்தது. எழுதினேன். மறுநாளே சரியாச்சு. இருக்கற இடத்தைக் கேட்டுச்சு, சரின்னு அமுக்கினேன். யாரோ முகம் தெரியாத புண்ணியவான் உதவி செஞ்சான்னு நினைச்சேன்.” அவள் எழுந்து நின்றாள். “இவ அழுவான்னு அவனுக்குத் தெரியும். அழுதா நான் சும்மா இருக்க மாட்டேன்னும் தெரியும். என்னை அடிச்சான், சரி. பெத்த பொண்ணோட வலியைத் தூண்டில்ல மாட்டியிருக்கானே! இவனெல்லாம் ஒரு அப்பனா?”

மூலையில் நின்ற டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். “அந்த முகம் தெரியாத ஆள் நான்தாம்மா. சோதிச்சதோட நிறுத்திட்டேன். ஏன்னு கேக்கல. தப்பு என்னோடது.”

“நீங்க குழந்தைக்காகச் செஞ்சீங்க சார். அவன் குழந்தையை வச்சுச் செஞ்சான். ரெண்டும் ஒண்ணா?” அவள் போனைக் கையில் எடுத்தாள். “திறக்கட்டுமா மேடம்?”

“நீங்க இங்க இருக்கணும்னு அவசியம் இல்ல. போனை நான் வச்சுக்கறேன். நீங்களும் குட்டியும்…”

“குட்டியை அனுப்புங்க. நான் இருக்கேன். இதுவரைக்கும் ஜன்னலுக்குப் பின்னாடி நின்னது போதும்.”

வக்கீலம்மாவோடு கோர்ட்டில் அந்தக் காலத்தில் ஓயாமல் சண்டை போட்ட இன்ஸ்பெக்டரம்மா ஒருத்தி இருந்தாள். சண்டை போட்டுப் போட்டே சிநேகிதி ஆனவள். அவள் சாதாரண உடையில் வந்து ஃபைல் அறைக்குள் உட்கார்ந்தாள். குட்டியை ஜீப்பில் ஒரு பெண் போலீஸ் அழைத்துப் போனாள். தையல்காரி அந்தப் பக்கத்தைத் திறந்தாள். வீடியோவில் ஒரு பெண் சிரித்த முகத்தோடு, மெதுவாகக் காலை நீட்டுங்கள் கண்ணுகளா என்றாள். வீடியோ முடிய முடிய மறுபடியும் போட்டார்கள்.

வெயில் தாழ்ந்த நேரத்தில் மாடிப்படியில் காலடி கேட்டது. அவசரமில்லாத காலடி.

ஊசி கதவைத் திறந்தான். “வாங்க சார். செருப்பைக் கழட்டிட்டு வாங்க. திரும்ப எப்ப போட்டுக்குவீங்கன்னுதான் தெரியல.”

வந்தவன் பார்க்க மரியாதையான ஆள். தேய்த்த சட்டை. ஒரு கையில் பொம்மை, இன்னொரு கையில் போன். உள்ளே நின்ற மனைவியைப் பார்த்ததும் உதட்டில் ஒரு சிரிப்பு வந்தது. ஜன்னலைப் பார்த்துச் சிரித்த அதே சிரிப்பாகத்தான் இருக்க வேண்டும். தையல்காரி நாற்காலி முதுகை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“சண்டை போட வரலைங்க” என்றான் பவ்யமாக. “என் பொண்ணைப் பார்க்கணும். அவ்வளவுதான்.”

“இங்க இருக்காங்கன்னு யார் சொன்னது?” என்றாள் வக்கீலம்மா.

“தெரிஞ்சவங்க சொன்னாங்க.”

“அது தெரிஞ்சவங்க எல்லாரும் இந்த ரூமுக்குள்ளதான் இருக்கோம். எங்கள்ல யாரு சொன்னது?”

அவன் சிரிப்பு லேசாகப் பிசகியது. போனைச் சட்டைப் பைக்குள் போடப் பார்த்தான். ஃபைல் அறையிலிருந்து நீண்ட ஒரு கை அதைப் பிடுங்கிக்கொண்டது.

“வழி காட்டிக்கிட்டே வந்திருக்கு போல” என்றாள் இன்ஸ்பெக்டரம்மா. “நல்லவேளை, மூடக்கூட நேரமில்ல உனக்கு.”

திரையில் ஒரு வரைபடம். அவர்கள் நின்ற கட்டடத்தின் மேல் ஒரு சிவப்புப் புள்ளி.

“ஒரு அப்பன் தன் பொண்ணுக்காக ஒரு பக்கம் செஞ்சு குடுத்தது குத்தமா?” அவன் குரல் உயர்ந்தது. “ஊருக்கே இலவசமா செஞ்சு குடுத்திருக்கேன். கேட்டுப் பாருங்க!”

“ஊருக்கேவா?” டாக்டர் முன்னால் வந்து அந்த வரைபடத்தை இரண்டு விரலால் சுருக்கினார். தெரு சின்னதானது. ஊர் சின்னதானது. சுருங்கச் சுருங்கப் புள்ளிகள் கூடின. பக்கத்து ஊரில் ஒன்று, ஆற்றுக்கு அந்தப் பக்கம் இரண்டு, மலையடிவாரத்தில் ஒன்று, கடலோரமாக வரிசையாக. விரலை எடுத்தபோது திரை முழுக்க அம்மை போட்டது போல் சிவந்திருந்தது.

“இதெல்லாம் என்ன?” என்றாள் தையல்காரி.

“கால்ல பட்டை போட்ட குழந்தைங்க இருக்கற வீடும்மா” என்றார் டாக்டர். “ஒவ்வொண்ணும்.”

“இதுல என்னை மாதிரி ஒளிஞ்சு இருக்கறவங்க எத்தனை பேரு?”

ஊசி அந்தப் புள்ளிகளை எண்ண ஆரம்பித்துப் பாதியில் விட்டான்.

“நான் வேற யாரையும் பார்க்கலையே!” என்றான் அவன்.

தையல்காரி அவன் முன்னால் வந்து நின்றாள். அறையப் போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். இன்ஸ்பெக்டரம்மா நாகரிகமாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவள் கையை ஓங்கவில்லை. “நீ சிரிச்சேல்ல, அந்த ஜன்னலைப் பார்த்து? இப்ப சிரி பார்ப்போம்” என்றாள்.

அவன் தரையைப் பார்த்தான்.

“பாக்கெட்ல இருக்கறதெல்லாம் எடுத்து மேஜையில வை” என்றாள் இன்ஸ்பெக்டரம்மா. பர்ஸ், சீப்பு, பைக் சாவி, ஒரு வளையத்தில் இரண்டு மூன்று சாவிகள். எல்லாம் மேஜைக்கு வந்தன. தையல்காரி அந்த வளையத்தை எடுத்து, நீளமான ஒரு சாவியை நெம்பிக் கழற்ற ஆரம்பித்தாள்.

“ஏய், அது என் வீட்டுச் சாவி!”

“கோர்ட் உத்தரவை முதல் பக்கத்தோட மூடி வச்சிட்டியா?” என்றாள் வக்கீலம்மா. “அடுத்த பக்கத்துல வீடு யாருக்குன்னு போட்டிருக்கு, படிச்சுப் பாரு. உள்ள இருக்க வேண்டியவ தெருத் தெருவா ஓடறா. வெளியே போக வேண்டியவன் காலை நீட்டித் தூங்கறே. இனிமே நீ எங்க தூங்கணும்னு இன்ஸ்பெக்டரம்மா சொல்வாங்க.”

அவனைக் கீழே கொண்டு போனார்கள். படியெல்லாம் அவன் ஏதோ கத்திக்கொண்டே போனான். வக்கீலம்மாவின் போன் அடித்தது. காப்பகத்து நிர்வாகி.

“என்ன வக்கீலம்மா, சாயங்காலம் ஆச்சு. கட்டிலை வைக்கவா, குடுக்கவா?”

வக்கீலம்மா வாயைத் திறப்பதற்குள் தையல்காரி கையை நீட்டி போனை வாங்கிக்கொண்டாள். இன்னொரு கையில் சாவி இருந்தது.

“அதை வேற யாருக்காவது குடுத்துருங்கம்மா” என்றாள். “நான் என் வீட்டுக்குப் போறேன்.”